எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

லினக்ஸ் பயன்படுத்தும் நம் வயதுக்காரர்களை இளைஞர்கள் பார்க்கும் பார்வையே தனி. "இன்னுமா சார் பழைய வெர்ஷன்?" என்பார்கள். கேட்டதோடு விடுவதில்லை. இணையத்தில் எங்கோ பார்த்த ஒரு வரிக் கட்டளையை டெர்மினலில் ஒட்டி, பாஸ்வேர்டு போடுங்கள் என்பார்கள். போடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

பதிப்பு எண் பழையது என்பதால் மென்பொருள் பாதுகாப்பற்றது ஆகிவிடாது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12-ல் லிப்ரே ஆபீஸ் 7.4 வந்தது. அதன்பின் எத்தனையோ புதிய பதிப்புகள் வந்தும், டெபியன் 12 அதே 7.4-ஐத்தான் வைத்திருந்தது. ஆனால் பாதுகாப்புக் குறை தெரியவந்தால், அந்தத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே பொருத்தி அனுப்புவார்கள். ஒழுகும் இடத்தில் ஓடு மாற்றினால் போதும். வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

"புதியதே பாதுகாப்பு" என்பவர்களுக்கு 2024 மார்ச் மாதத்தை நினைவூட்டுகிறேன். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ் இசட்' என்ற சிறு கருவி லினக்ஸ் உலகம் முழுக்க உண்டு. அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்ற ஒருவரே கள்ளக்கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து உள்நுழையும்போது அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். அது புகுந்தது எங்கே? டெபியனின் சோதனைக் கிளை போல, புதியதைச் சுடச்சுட வாங்கிய இடங்களில். நிலையான டெபியன் 12-ல் இருந்தது 5.4.1. பொறுத்தார் பூமியாள்வார்!

அதற்காகப் புதியதே வேண்டாம் என்று சொல்லவில்லை. நமக்குத் தேவையான ஒரு வசதி புதிய பதிப்பில்தான் இருக்கிறதென்றால் நேர்வழி உண்டு. டெபியனின் 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியத்தில், சில மென்பொருள்களின் புதிய பதிப்புகளை நம் டெபியனுக்கேற்பத் தொகுத்துத் தருகிறார்கள். அங்கே இல்லையென்றால் ஃபிளாட்பேக். அதில் வரும் செயலி தனக்கு வேண்டிய துணைக் கோப்புகளோடு தனியாக நிற்கும், பிடிக்காவிட்டால் நீக்கிவிடலாம். டெபியனையும் ஆயுசுக்கும் மாற்றாமல் வைத்திருக்கக் கூடாது. ஆதரவுக் காலம் முடியுமுன் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். டெபியன் 13 2025 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு வரிக் கட்டளை வேறு சங்கதி. அதில் 'சூடோ' என்றொரு சொல் இருக்கும். எழுதியவர் யாரென்றே தெரியாத நிரலுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் தருகிறேன் என்று நாம் போடும் கையெழுத்து அது. அந்தக் கணினியில்தான் நம் பென்ஷன் விவரம், வருமான வரிக் கணக்கு, மறைந்தவர்களின் புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. முன்பின் தெரியாதவரிடம் பீரோ சாவியைக் கொடுப்போமா?

புதிய பதிப்பில் எனக்கு என்ன வேண்டும், அதை யார் தருகிறார்கள்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் தாராளமாகப் போடுங்கள். தெரியாதவரை, பழைய எண் அப்படியே இருக்கட்டும்.