கண்ணாக நின்று காக்கும் நைனா தேவி

உத்தராகண்ட் மாநிலத்தில், குமாவுன் மலைகளின் நடுவே 6,000 அடிக்கும் மேலான உயரத்தில் அமைந்திருக்கிறது நைனிடால். கோடை வாசஸ்தலம் என்றே பலரும் அறிந்த இவ்வூர், உண்மையில் ஒரு தீர்த்தத் தலம். 'நைனா' என்பது அம்பிகையின் திருநாமம்; 'தால்' என்றால் ஏரி. தாட்சாயணியின் திருக்கண் விழுந்த இடம் இது என்பது ஐதிகம்.

அத்ரி, புலஸ்தியர், புலஹர் ஆகிய மூன்று முனிவர்கள் இங்கே தாகத்தால் வருந்தி, பள்ளம் தோண்டி, மானசரோவரின் நீரை வரவழைத்தனர் என்பது புராண வரலாறு. ஆதலால் இந்த ஏரிக்கு 'திரிரிஷி சரோவரம்' என்ற பெயரும் உண்டு.

ஏரியின் வடகரையில் கோயில் கொண்டிருக்கிறாள் அன்னை. கருவறையில் இரு கண்களே அவளுடைய வடிவம். ஒருபுறம் காளி, மறுபுறம் விநாயகர். புரட்டாசியை ஒட்டி வரும் நந்தாஷ்டமி விழாவில், வாழைத் தண்டைக் கொண்டு நந்தா, சுனந்தா திருவுருவங்களைச் சமைத்து வழிபட்டு, நிறைவில் ஏரியில் கரைப்பார்கள்.

இன்று நாம் தரிசிக்கும் ஆலயம் 1883-இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அதற்கு முன்பிருந்த கோயிலை 1880 செப்டம்பர் 18 அன்று ஏற்பட்ட பெரும் மண்சரிவு விழுங்கிவிட்டது. இடைவிடாத மழையில் மலைச்சரிவு பெயர்ந்து விழ, 151 பேர் மாண்டனர். கோயிலுக்கு அருகே இன்று சிறுவர்கள் பந்தாடும் பரந்த மைதானம், அன்று சரிந்த மண் பரவியதால் விரிந்த நிலமே. அதன் பின்னரே மழைநீர் மண்ணுக்குள் இறங்கிச் சரிவை இளக்காதபடி, மலையெங்கும் வடிகால்கள் விரிவாக அமைக்கப்பட்டன. அந்த வடிகால்கள் வந்து சேரும் இடம் அம்பிகையின் ஏரி. ஊர் மக்களின் குடிநீருக்கும் அதுவே ஆதாரம்.

இதில் யாத்திரிகர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. வழியில் நாம் வீசும் ஒரு பிளாஸ்டிக் உறை வடிகாலை அடைக்கும். அடைபட்ட நீர் மலையை அரிக்கும். தப்பி வந்தால் தீர்த்தத்தை மாசுபடுத்தும். அர்ச்சனைப் பூவைக்கூடக் கோயிலிலேயே சேர்ப்பித்துவிடுவது நலம். தீர்த்தத்தைத் தூய்மையாக வைத்திருப்பதும் தேவிக்குச் செய்யும் ஆராதனையே அல்லவா?

செல்ல விரும்பும் மூத்த அன்பர்களுக்குச் சில குறிப்புகள். டெல்லியிலிருந்து காட்கோதாம் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏற வேண்டும். ஆடி, ஆவணி மாதங்களின் கனமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். மார்கழி, தை மாதங்களின் குளிர் முதுமைக்கு ஒவ்வாது. பங்குனி முதல் வைகாசி வரையும், ஐப்பசி மாதமும் உகந்தவை. ஆலயம் ஏரிக்கரையிலேயே இருப்பதால் தரிசனத்துக்காக மலையேற வேண்டியதில்லை. சென்று சேர்ந்த அன்று ஓய்வெடுத்து, மறுநாள் காலை, கூட்டம் சேருமுன் அன்னையைத் தரிசியுங்கள்.

இமைக்காது நம்மைக் காக்கும் அந்தக் கண்களின் எதிரே, அவளது நீரையும் மலையையும் மாசு படாமல் காப்போம் என்று சங்கற்பம் செய்துகொள்வோம். அம்பிகை அனைவருக்கும் அருள் புரிவாளாக!