நீல வர்ணக் கண்ணன்

நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை வாங்கப் போகும் குழந்தைகளுக்குக் கண்ணனை அடையாளம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. எது நீலமோ அதுவே கண்ணன். குழலும் மயிற்பீலியும் பிற்பாடுதான் கண்ணில் படுகின்றன. "கண்ணன் ஏன் நீலமாக இருக்கிறான்?" என்று குழந்தை கேட்டுவிட்டாலோ, பெரியவர்கள் அவசரமாக அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறார்கள்!

நம் பாட்டுக்களைக் கேட்டால் விஷயம் வேறாக இருக்கிறது. ஆழ்வார்கள் அவனை மேகத்துக்கும் கடலுக்கும் காயாம்பூவுக்கும் ஒப்பிட்டார்கள். கரியவன் என்றும் கூசாமல் அழைத்தார்கள். பாரதியாரோ காக்கையின் சிறகைக் கண்டு நந்தலாலாவை நினைத்து உருகினார். 'கிருஷ்ண' என்னும் வடசொல்லுக்குக் கறுப்பு என்பதே பொருள். திரௌபதிக்கும் கிருஷ்ணை என்று ஒரு பெயர் உண்டு. அவளும் கரிய நிறத்தினள். அவளுடைய சுயம்வரத்துக்குத் தேசத்து மன்னர்களெல்லாம் ஓடி வந்தார்களே, "பெண் கொஞ்சம் நிறம் மட்டு" என்று யாராவது முணுமுணுத்தார்களா?

1945 இல் வெளிவந்த 'மீரா' கறுப்பு வெள்ளைப் படம். நீலம் என்பது அதில் மருந்துக்கும் கிடையாது. ஆயினும் ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி 'காற்றினிலே வரும் கீதம்' பாடியபோது, கண்ணனுக்கு வர்ணம் பூசவில்லையே என்று எவருக்கேனும் குறை தோன்றியிருக்குமா?

அப்படியானால் பொம்மைக்கு மட்டும் நீலம் எதற்கு? விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் மண்ணைப் பிசைந்து அச்சில் வார்க்கும் தொழிலாளரை நாம் குறை சொல்ல மாட்டோம். கரிய மேனியில் கரிய விழியும் புருவமும் எடுப்பாகத் தெரியமாட்டா. நீலம் அவர்களுக்கு ஒரு வசதி. நமக்கோ அது ஒரு சாக்கு. கறுப்புத் தெய்வத்தை நீலமாக்கிக் கொலுப்படியில் ஏற்றிவிட்டு, அதே கூடத்தில் உட்கார்ந்து பாடும் பெண் குழந்தையைப் பார்த்து, "எல்லாம் சரி, நிறந்தான் போதாது" என்று பெருமூச்சு விடுகிறோம்.

பொம்மையின் நிறம் அற்ப விஷயம் அல்ல. அமெரிக்காவில் கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளநூல் அறிஞர்களான தம்பதிகள், தோலும் கேசமும் தவிர மற்றெல்லாவற்றிலும் ஒன்றுபோலிருந்த பொம்மைகளை நீக்ரோ குழந்தைகளிடம் காட்டினார்கள். 1947 இல் வெளியான அந்த ஆராய்ச்சியில், பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையே நல்லது என்றன. தங்கள் நிறத்துப் பொம்மையை அவை விலக்கின. பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாதென்று 1954 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் கிளார்க்கின் ஆராய்ச்சியும் எடுத்துக்காட்டப்பட்டது.

நம் நாட்டிலோ வெள்ளையர் ஆட்சி 1947 இல் ஒழிந்தது. வெள்ளைத் தோலின் ஆட்சி ஒழியவில்லை. சிவந்த நிறம் தருவதாக 1975 முதல் விற்று வந்த பிரசித்தமான முகப்பூச்சு ஒன்று, தன் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுப்பதற்கு 2020 வரை ஆயிற்று. பெயர் போயிற்று, கல்யாண விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் போகவில்லை.

நீலப் பொம்மையை உடைத்துப் போடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அது அழகாகவே இருக்கிறது. ஆனால் இந்த நவராத்திரியில் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டால், தாய்மார்கள் அடுத்த கடைக்கு நகர வேண்டாம். "கண்ணன் உன்னைப் போலக் கறுப்பு, அம்மா! பொம்மைக்குத்தான் நீலம் பூசியிருக்கிறார்கள்" என்று உள்ளதைச் சொல்லட்டும். பிறகு அவள் பாடும் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள்.