கீழாநெல்லியும் ரத்தப் பரிசோதனையும்

நம்ம உத்திரமேரூர்ப் பக்கம் மழை பெய்தால் வரப்பெல்லாம் கீழாநெல்லி. கண்ணு மஞ்சளானா அரைச்சு மோரில் கலக்கிக் கொடுப்பார்கள். இதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

1988-ல் சென்னையின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து. சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான்! நம்ம வரப்புச் செடிங்க அது.

ஆனால் 1990-ல் தாய்லாந்துச் சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இதை மட்டும் நம்மாட்கள் மேடையில் சொல்வதே கிடையாது.

காமாலை என்பது அறிகுறி, காரணம் பல. ஏ வகைக் கிருமி என்றால் பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகும், பேர் செடிக்குப் போகும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும், சேற்றில் இறங்கி எலிக்காய்ச்சல் கண்டாலும் கண் மஞ்சளாகும். அங்கே மோரை நம்பி நாளைக் கடத்தினால் ஆளே போய்விடலாம்.

டிப்ளமோக்காரனுக்கு இது எதுக்குன்னு கேட்காதீங்க. நாலு எழுத்து படிச்சவன்னு வீட்டிலே நம்மளைத்தான் கேட்பாங்க. அரைக்கிறவங்க அரைக்கட்டும், அதுக்கு முன்னாடி அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏத்தி, ரத்தம் கொடுக்க வைக்கணும். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு அம்மியை எடுக்கலாம்.