மேலே புதிய வழிபாடு, கீழே பழைய முகங்கள்

சென்ற திங்கள், பணியிலிருந்து ஓய்வுபெற்ற சங்க அன்பர் ஒருவர் அரசாங்கக் குடியிருப்பை விட்டு அடுக்குமாடி வீடொன்றிற்குக் குடிபெயர்ந்தார். சாமான்களைக் கட்டுவதற்கு உதவியாக நாமும் சென்றிருந்தோம். பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில், அவருடைய பாட்டனார், பாட்டியார் ஆகியோரின் படங்கள் பழைய வேட்டியொன்றில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் கண்ணாடி விரிசல் கண்டிருந்தது. "இவற்றை எங்கே மாட்டுவது, அப்பா? புது வீட்டில் பூசையறைக்கே இடம் போதாதே!" என்றான் மகன். அன்பர் விடை கூறவில்லை. படங்களை மீண்டும் வேட்டியில் சுற்றி, லாரியில் ஏற்றாமல், தம் கைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதைக் கண்டதும் எம் நினைவுக்கு வந்தது, ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன் பிரிட்டன் நாட்டுச் சிற்றூர்ப் புறமொன்றில் இருந்த ஒரு வீடு. அவ்வீட்டாரும் பழைய முகங்களை என்ன செய்வது என்னும் கேள்வியை எதிர்கொண்டவர்களே. அவர்கள் கண்ட விடையை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. மண் மட்டுமே காத்து வைத்திருந்தது.

உரோமர் என்றவுடன், மிளகு நாடி மரக்கலமேறி வந்த யவனரே நமக்கு நினைவுக்கு வருவர். அவர்தம் பேரரசின் வடமேற்குக் கோடியில் இருந்த தீவு பிரிட்டன். கி.பி. 43-ஆம் ஆண்டு கிளாடியஸ் பேரரசன் காலத்தில் உரோமப் படைகள் அதனைக் கைப்பற்றத் தொடங்கின. கி.பி. 410-ஐ ஒட்டி அவ்வாட்சி அங்கிருந்து அகன்றது. இடைப்பட்ட காலத்தில் நகரங்களும் கோட்டைகளும் எழுந்தன. எனினும் மக்களில் மிகப் பெரும்பாலோர் நாட்டுப்புறத்தில் வேளாண்மை செய்தே வாழ்ந்தனர். அவர்களுள் செல்வம் மிக்க சிலர், வயல்களின் நடுவே உரோமப் பாணியில் பண்ணை மாளிகைகள் கட்டிக்கொண்டனர். அவற்றுக்கு 'வில்லா' என்று பெயர்.

இலண்டனுக்குத் தென்கிழக்கே, கென்ட் மாவட்டத்தில், டாரன்ட் என்னும் சிற்றாற்றின் கரையில் அத்தகைய மாளிகையொன்று புதைந்து கிடந்தது. இடத்தின் பெயர் லுல்லிங்ஸ்டோன். 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், மான்கள் மேயும் தோட்டத்திற்கு வேலி போட்டவர்கள், குழி தோண்டும்பொழுது வண்ணச் சிறுகற்களாலான தளத்தைத் துளைத்துவிட்டனர். 1939-இல் அங்குக் காற்றில் சாய்ந்த மரமொன்றின் வேரடியிலும் அவ்வண்ணக் கற்கள் காணப்பட்டன. உலகப் போர் முடிந்த பின்னர், 1949 முதல் 1961 வரை மீட்ஸ் என்பவரின் தலைமையில் அவ்விடம் முறையாக அகழப்பட்டது.

அகழ அகழ வீட்டின் வரலாறு அடுக்கடுக்காக வெளிவந்தது. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எளிய அளவில் எழுந்த வீடு, அடுத்த நூற்றாண்டில் வளர்ந்து, வெந்நீர்க் குளியலறைகளும் பெற்றது. அவ்வீட்டின் ஒரு மூலையில் தரைமட்டத்திற்குக் கீழே நிலவறை ஒன்று இருந்தது. அதன் சுவர் மாடத்தில் நீரர மகளிரின் உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் நீர்த் தெய்வங்களை வணங்கியதில் வியப்பில்லை.

அந்நிலவறையில் கிடைத்தவற்றுள் தலையாயவை, பளிங்கினால் செய்த இரண்டு மார்பளவுச் சிலைகள். தாடியும் சுருள்முடியும் கொண்ட ஆடவர் இருவரின் முகங்கள் அவை. இரண்டாம் நூற்றாண்டின் கைவண்ணம். பிற்காலத்தில் சில மாதங்களே பேரரசனாக இருந்த பெர்ட்டினாக்ஸ், அதற்கு முன் பிரிட்டனில் ஆளுநராக இருந்தவன். அச்சிலைகளுள் ஒன்று அவனுடையது, மற்றொன்று அவன் தந்தையினுடையது என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். எவருடைய முகங்களாயினும், ஒரு காலத்தில் அவ்வீட்டாரால் மதிக்கப்பெற்ற பெரியோரின் முகங்கள் அவை என்பதில் ஐயமில்லை. முன்னோரின் உருவங்களை இல்லத்தில் வைத்துப் போற்றுவது உரோமக் குடிகளின் தொன்றுதொட்ட வழக்கம்.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அச்சிலைகள் நிலவறையில் வைக்கப்பட்டன. அவற்றின் முன்பாகத் தரையில் மண்கலங்கள் பதிக்கப்பட்டன. காணிக்கைப் பொருளை ஏற்பதற்கென்றே அவை பதிக்கப்பட்டன என்பர். வேண்டாப் பொருளை ஒதுக்கி வைப்பவர், அதன் முன் கலம் பதிப்பாரா? அச்சிலைகள் ஒதுக்கப்படவில்லை, வழிபடப்பட்டன என்பதற்குச் சிலைகளைவிட அக்கலங்களே வலிய சான்று.

இனி வீட்டின் மேற்புறத்தை நோக்குவோம். நான்காம் நூற்றாண்டில் அவ்வீடு செழிப்பின் உச்சியில் இருந்தது. விருந்துண்ணும் கூடத்தின் தளத்தில், ஐரோப்பா என்னும் நங்கையைக் காளை வடிவில் கவர்ந்து செல்லும் கிரேக்கக் கடவுளின் காட்சி அமைக்கப்பட்டது. அதன் மேல் இலத்தீன் மொழியில் ஈரடிச் செய்யுள் ஒன்று. வெர்ஜிலின் பெருங்காப்பியத்தைக் கற்றவரே அதன் நயத்தைச் சுவைக்க இயலும். அடுத்த கூடத்தில், சிறகுள்ள குதிரை மீதேறி அரக்க விலங்கைக் கொல்லும் வீரனின் காட்சி; நான்கு மூலைகளில் நான்கு பருவங்களின் உருவங்கள். தலைநகரை விட்டு நெடுந்தொலைவிலிருந்த நாட்டுப்புறத்தில் வாழ்ந்த அக்குடும்பம், கல்வியையும் பண்பாட்டையும் விருந்தினர் காணும்படி தரையிலேயே பதித்து வைத்திருந்தது.

இதற்கிடையில் பேரரசில் பெரியதோர் மாற்றம் நிகழ்ந்திருந்தது. 313-ஆம் ஆண்டு கான்ஸ்டன்டைன் காலத்தில் கிறித்தவ சமயத்திற்கு உரிமை வழங்கப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில், 391-இல், தியடோசியஸ் பேரரசன் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுவதையே தடை செய்தான். லுல்லிங்ஸ்டோன் வீட்டிலும் அக்காற்று வீசியது. நூற்றாண்டின் பிற்பகுதியில், நிலவறைக்கு நேர் மேலேயிருந்த அறை கிறித்தவ வழிபாட்டறையாக மாறியது. வெளியிலிருந்து அதற்கு வரத் தனி வழி அமைந்தது. சுவரில், கைகளை விரித்து இறைவனை வேண்டி நிற்கும் மாந்தர் தீட்டப்பட்டனர். கிறிஸ்துவின் பெயருக்குரிய முதலிரு கிரேக்க எழுத்துக்களைப் பின்னிய சின்னமும் தீட்டப்பட்டது.

மேலே புதிய சமயம். அதற்கு நேர் கீழே, தரைப்பலகைகளுக்கு அப்பால், பழைய முகங்கள்! சிலைகளை உடைத்தெறிய எவரும் முற்படவில்லை, விற்றுவிடவும் இல்லை. மேலே கிறித்தவ வழிபாடு நடந்த காலத்திலும் கீழே காணிக்கை இடுதல் தொடர்ந்திருக்கலாம் என்பது அகழ்ந்தோரின் கருத்து. வீட்டுத் தலைவர் புதிய சமயத்தைத் தழுவ, மூத்தோர் ஒருவர் விளக்கேந்திக் கீழே இறங்கிச் சென்றிருக்கலாம். இருவரும் ஒருவராகவே இருந்திருக்கவும் கூடும். நூல்களில் சமய மாற்றம் என்பது ஆண்டும் ஆணையுமாக எழுதப்படுகிறது. ஒரு வீட்டுக்குள் அது அவ்வாறு நிகழ்வதில்லை என்பதையே இந்நிலவறை நமக்குக் காட்டுகிறது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீ அவ்வீட்டை அழித்தது. எரிந்த தளம் சரிய, மேலறையின் வண்ணச் சுவர்க்காரை நொறுங்கி நிலவறைக்குள் விழுந்தது. அழிவே காவலாயிற்று. வழிபடும் மாந்தரின் வண்ணத் துண்டுகளும் பளிங்கு முகங்களும் ஒரே குழியில், ஒரே மண்ணின் கீழ், ஏறத்தாழ 1500 ஆண்டுகள் உறங்கின. ஆயிரக்கணக்கான அக்காரைத் துண்டுகளை வல்லுநர் ஒன்றோடொன்று பொருத்தி ஓவியங்களை மீட்டனர். அவை இன்று இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வீட்டின் பின்புறத்து மேட்டில் மற்றொரு செய்தியும் கிடைத்தது. கி.பி. 300-ஐ ஒட்டி அங்குக் கல்லறைக் கோயில் ஒன்று எழுப்பப்பட்டு, இளைஞன் ஒருவனும் இளம்பெண் ஒருத்தியும் ஈயப் பேழைகளில் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். உடன் கண்ணாடிக் குப்பிகளும், பலகை விளையாட்டுக்குரிய 30 கண்ணாடிக் காய்களும் வைக்கப்பட்டிருந்தன. பெற்றோரே அக்காய்களை வைத்தனரோ என்று எண்ணுகையில் நம் நெஞ்சம் கனக்கிறது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே இடத்தில், பழைய கட்டடத்தின் மீது சிறிய கிறித்தவக் கோயில் ஒன்று எழுந்தது. புதியவர்களும் பழைய இடத்தையே தேடி வந்தனர் போலும்!

அன்பர்களே! ஊர் மாறுவோர்க்கும் காலம் மாறுவோர்க்கும் எதைக் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வி ஒன்றேதான். டாரன்ட் ஆற்றங்கரைக் குடும்பம் எல்லாவற்றையும் கூடத்தில் வைக்கவில்லை. புதியதற்கு வெளிச்சமான அறையைக் கொடுத்தது. ஆயினும் பழையதைத் தெருவில் எறியாமல், கீழே ஓர் இடம் ஒதுக்கி, அதன் முன் கலமும் பதித்து வைத்தது.

எம் அன்பரின் புது வீட்டுக்குச் சென்ற வாரம் சென்றிருந்தோம். பூசையறை அலமாரி போன்ற சிறு மாடமே. படங்கள் அங்கே இல்லை. நாம் கேட்காமலேயே மகன் உள்ளே அழைத்துச் சென்று காட்டினான். அவன் எழுதும் மேசைக்கு மேலே, புதிய கண்ணாடியிட்டு, இருவரும் அருகருகே இருந்தனர்.