பரபக்கம் வீண் சுமையோ?

"தத்துவ ஞானிகளுள் ஐயா அவர்களுக்கு மிக உவப்பானவர் யார்?" என்று சென்ற மாதம் ஒரு சபையில் இளைஞர் ஒருவர் என்னை வினவினார். யான் மடத்திற் பயின்றவனாதலின் சிவஞான முனிவர் என்பேன் என அவையோர் எதிர்நோக்கினர் போலும். யான் அருணந்தி சிவாசாரியர் என்றேன். ஏது யாதெனக் கேட்டபோது, அவர் பரபக்கம் செய்தமையே ஏது என்றேன். உடனே மேடையில் வீற்றிருந்த அறிஞர் ஒருவர் எழுந்து இரண்டு தடை நிகழ்த்தினார். சந்தான குரவருள் ஒருவரை உவப்பானவர் எனத் தெரிந்தெடுத்தல் அபசாரம் என்பது ஒன்று. பரபக்கத்துட் கூறிய மதங்களுட் பல இறந்தொழிந்தமையின் இக்காலத்து மாணாக்கர்க்குச் சுபக்கமே அமையும், பரபக்கம் வீண் சுமை என்பது மற்றொன்று. அவையோர் ஆரவாரித்தனர். பொழுது கடந்தமையின் அன்று யான் விடை கூறிற்றிலேன். அதனை ஈண்டுக் கூறுகின்றேன்.

முதற்றடை எளிதிற் கழியும். நால்வர் பெருமக்களையும் ஒப்ப வணங்குவோரும் தனித்திருந்து ஓதுங்கால் ஒருவர் திருவாக்கையே பெரிதும் நாடுதல் யாவரும் அறிந்தது. உவப்பு வேறு, ஏற்றத்தாழ்வு கற்பித்தல் வேறு.

இரண்டாவது தடையோ என் நெஞ்சைச் சுட்டது. என்னை? அது அவ்வறிஞர் ஒருவர் கருத்து மட்டும் அன்று; நம்மவர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் வழக்கமே அது. சிவஞான சித்தியார்ச் சுபக்கத்துக்கு அறுவர் உரை உண்டு. வகுப்புக்களில் அது மீண்டும் மீண்டும் நடைபெறுகின்றது. பரபக்கமோ பேழைக்குள் உறங்குகின்றது. அருணந்தியார் முன் வைத்ததை நாம் பின் வைத்து, பின்னர் அதனையும் கைவிட்டோம்.

அந்நூலில் ஆசிரியர் செய்தது யாது? உலகாயதர், பௌத்தர் நால்வகையார், நிகண்டவாதி, ஆசீவகர், பட்டாசாரியர், பிரபாகரர், சத்தப்பிரமவாதி, மாயாவாதி, பாற்கரியர், நிரீச்சுர சாங்கியர், பாஞ்சராத்திரி எனப் பதினான்கு மதத்தாரை அவர் அவைக்கண் நிறுத்தினார். ஒவ்வொருவர்க்கும் முதலில் மதம். அதன் பின்னரே மறுதலை. கடவுள் இல்லை, உயிர் இல்லை, மறுபிறப்பு இல்லை, காட்சியொன்றே அளவை என்னும் உலகாயதனுக்கே முதலிருக்கை அளித்தார். சிவாகமங்களிற் பேரறிவுடைய ஒருவர், தம் சமயத்தின் வேரையே அறுக்க வருவோனை முதற்கண் பேசவிடுதல் எளிய காரியமோ? மாதவர் வடமொழியிற் சர்வதரிசன சங்கிரகம் இயற்றியது 14-ஆம் நூற்றாண்டில். அதுவும் உலகாயதத்தையே முதலிற் கொண்டது. நம் ஆசிரியர் அதற்கு முந்திய நூற்றாண்டினர்.

அற்றேல், இறந்த மதங்களைச் சுமப்பதால் ஊதியம் என்னை எனின், கூறுவன். மற்கலியைத் தலைவராகக் கொண்ட ஆசீவகர் ஒரு காலத்து வடநாட்டிலும் தென்னாட்டிலும் பரவியிருந்தவர். அவர்தம் சொந்த நூல் ஒன்றேனும் இன்று நமக்கு முழுதாய்க் கிடைத்திலது. ஏ. எல். பாஷம் என்னும் ஆங்கில ஆசிரியர் 1951-ஆம் ஆண்டு ஆசீவகர் வரலாற்றை ஆராய்ந்து நூல் வெளியிட்டபோது, அவர் கொள்கையை அறியத் தமிழை நாடினார். மணிமேகலை, நீலகேசி, சித்தியார்ப் பரபக்கம் என்னும் மூன்றுமே அவர்க்குத் துணை நின்றன. தன் வழியினர் எல்லாம் மாய்ந்தொழிந்த ஒரு மதத்தின் குரல், அதனை மறுத்தவர் ஏட்டிலே பிழைத்திருக்கின்றது. மறுப்பவர் நேர்மையிலராயின் அதுவும் எஞ்சியிராது. வீண் சுமை என்றவர் இதனை எண்ணியிருப்பரோ?

அந்நேர்மை குறைவிலாதது என்று யான் சொல்லவில்லை. பௌத்தர் நால்வருள் சௌத்திராந்திகருக்கு விரிவாக இடம் தந்தவர் ஏனையோரைச் சுருக்கிவிட்டார். மறுதலைகளிற் சிலவிடத்து எள்ளலும் ஏளனமும் உண்டு. உலகாயதனை மறுக்குங்கால் அது மிகுதி. அப்பகுதிகளைப் பாடஞ் சொல்லுங்கால் எனக்கும் சிறிது கூச்சம் உண்டாகும். ஆயினும் ஏளனத்துக்கு முன் எதிரியின் வழக்கு நிறுத்தப்பட்டிருத்தலின், அவ்வேளனம் தகுமோ தகாதோ என நாமே ஆராய்தற்கு இடமுண்டு. வழக்கைச் சொல்லாது ஏளனம் மட்டும் செய்வார்பால் அதற்கும் இடமில்லை.

அத்தகையாருள் யானும் ஒருவனாயிருந்தேன். நாற்பதாண்டுகட்கு முன், மடத்துப் படிப்பு முடித்த செருக்கோடு திரிந்த காலத்தில், ஓரூர்ச் சபையில் பௌத்தச் சார்புடைய பெரியவர் ஒருவரோடு வாதிட்டேன். மறுதலைப் பாடல்கள் சில எனக்கு வரப்பாடம். மதம் கூறும் பாடல்களை யான் புரட்டியதும் இல்லை. எல்லாம் கணந்தோறும் அழியுமாயின் நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவன் யாவன் என்று கேட்டேன். அவையோர் மகிழ்ந்தனர். அப்பெரியவர் சினவாது, "சந்தானம் என்று யாங்கள் கூறும் விடையைத் தம்பி கேட்டதுண்டோ?" என்றார். முன்கணத்து அறிவு தன் வாசனையைப் பின்கணத்து அறிவுக்கு ஈந்து கெடும். ஆறு ஓடுவது போல அத்தொடர்ச்சி நிகழ்தலின் நினைவு கூடும் என்பது அவர் கருத்து. சந்தான குரவர் மரபிற் பயின்ற யான், சந்தானம் என்னும் சொல்லுக்குப் பௌத்தர் கொண்ட பொருளை அறிந்திலேன்! அறியேன் என்று சொல்லவும் நாணி, அச்சொல்லை வைத்து ஒரு நகைமொழி புனைந்தேன். அவை கொல்லென்று சிரித்தது. அவர் எழுந்து என்னை வணங்கிச் சென்றார். யான் வென்றதாகவே ஊரார் கருதினர். அன்றிரவு ஏட்டைத் திறந்து பார்த்தேன். சௌத்திராந்திகர் மதத்துள் அச்சந்தானக் கொள்கை பேசப்பட்டிருந்தது. என் ஆசிரியர் அறிந்து எடுத்தோதி மறுத்த ஒன்றை, அவர் பெயரால் வாதிடப் புகுந்த யான் அறிந்திருக்கவில்லை. அப்பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க எண்ணி இரண்டு ஆண்டு கடத்தினேன். பின்னர்க் கேட்பதற்கு அவர் இலர்.

அருணந்தியார்பால் எனக்கு உவப்பு உண்டானது அன்றுமுதலே. திருத்துறையூரிற் சகலாகம பண்டிதர் எனப் புகழ் பெற்றிருந்த அவர், தம் மாணாக்கர் சிறுபிள்ளையொருவரை நாடிப் போதல் பொறாது திருவெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினவினார் என்பது மரபு. மெய்கண்டார் வாய் திறவாது அவரை அடிமுதல் முடிவரை நோக்கினார். பண்டிதர் தாம் நின்ற நிலையே விடையென உணர்ந்து அடியில் வீழ்ந்தார். இவ்வரலாற்றை நாம் மெய்கண்டார் பெருமையாகவே பேசுகின்றோம். வீழ்ந்தவர் பெருமை சிறிதோ? ஓர் அவை முன்னர் யான் செய்யமாட்டாததை அவர் தம் மாணாக்கர் முன்னர்ச் செய்தார். வீழ்ந்த பின்னும் வினவுதலை விட்டாரல்லர். வெண்பாவும் ஆசிரியப்பாவும் மாறி மாறி வரும் இருபா இருபஃது முழுவதும், தம் குருவை நோக்கி அவர் தொடுத்த வினாக்களேயாம். பணிவும் வினாவும் ஒருவர்பால் ஒருங்கிருத்தல் அரிது.

அவையில் வினவிய இளைஞர் மறுவாரம் என் இல்லத்துக்கு வந்தார். பரபக்கம் பாடங் கேட்க விரும்புவதாகச் சொன்னார். உலகாயதப் பகுதியை எடுத்துக்கொண்டோம். மதப் பாடல்களை முடித்து, "உலகாயதன் ஒருவன் கேட்டுத் தலையசைக்குமாறு இதனைச் சொல்லும்" என்றேன். இருமுறை தவறினார், மூன்றாம் முறை செவ்வனே சொன்னார். சொன்னவர் சிறிது கலங்கி, "ஐயா, இதற்கு மறுதலை யாது?" என்றார். நாளை வாரும் என்று ஏட்டைக் கட்டி வைத்தேன்.