வைஃபைல பேசறோம், சரி. கரண்ட் போனா?

மழை பிடிக்கறதுக்கு முன்னாடி எழுதிடணும்னு நினைச்ச பதிவு. நாத்து விட்ட வேலையில தள்ளிப் போயிடுச்சு.

எங்க பழைய வீடு கூரை வீடு. டவர் தூரத்துல ஹைவே ஓரமா நிக்குது, ஆனாலும் அந்த வீட்டுக்குள்ள உட்கார்ந்து பேசினா ஒரு குறையும் இருக்காது. ஆறு வருஷம் முன்னாடி தளம் போட்டோம். கம்பியும் ஜல்லியும் சிமென்ட்டுமா வீடு கெட்டியாச்சு, சிக்னல் வெளியிலயே நின்னுடுச்சு. தகர ஷீட்டு போட்டவங்க வீட்டுல இன்னும் மோசம். போன் வந்தா மாடிக்கு ஓடு, இல்லைன்னா வேப்ப மரத்தடிக்கு வா. பழகிப் போச்சு.

அம்மாவுக்கு ஒரு நாள் ராத்திரி மூச்சு இரைப்பு வந்தப்பதான் பழகினது பொறுக்க முடியாம போச்சு. மாடிக்கு ஓடி 108-க்குப் பேசறேன். மூச்சு எப்படி விடறாங்க, பேச்சு வருதான்னு அந்தப் பக்கம் கேட்கறாங்க. அவங்க கேட்கறது நியாயம்தான். அம்மா கீழ, சிக்னல் மேல. நான் மாடியில இருந்து கத்த, என் வீட்டுக்காரம்மா கீழ இருந்து பதில் கத்த, அதை நான் போன்ல சொல்ல. பேசிக்கிட்டே இறங்கினா மூணாவது படியில லைன் கட். வண்டி வந்தது, அம்மா நல்லா இருக்காங்க. ஆனா அந்தப் படிக்கட்டை நான் மறக்கல.

தீபாவளிக்கு வந்த என் தங்கச்சி பையன் என் போனை வாங்கி செட்டிங்ஸ்ல ஒரு பொத்தானைத் தட்டினான். "மாமா, இனிமே உள்ளயே பேசுங்க"ன்னான். வைஃபை காலிங். கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் லைன் ஏற்கெனவே பசங்க படிப்புக்காக வீட்டுல இருந்துச்சு. அதே நம்பர், தனி ஆப் எதுவும் வேண்டாம், எதிர்ல பேசறவருக்கு வித்தியாசமே தெரியாது. ஏர்டெல் 2019 டிசம்பர்லயும் ஜியோ 2020 ஜனவரியிலயும் இதை ஆரம்பிச்சதா அப்புறம் படிச்சேன். எனக்குத்தான் யாரும் சொல்லல.

வேலை செய்யற விதம் இதுதான். நம்ம பேச்சை போன் விநாடிக்கு 50 துண்டா நறுக்குது. ஒவ்வொரு துண்டையும் உறையில போட்டு ஒட்டி, டவருக்கு அனுப்பறதுக்குப் பதிலா வீட்டு வைஃபை பெட்டிக்குக் கொடுக்குது. அது ஃபைபர் வழியா நம்ம சிம் கம்பெனியோட எக்ஸ்சேஞ்சுக்குப் போய் அங்க பிரிக்கப்படுது. இதுக்குத் தேவைப்படற நெட்டு ரொம்பக் கொஞ்சம், நூறு கிலோபிட்டுக்குள்ள முடிஞ்சிடும். பையன் பக்கத்துல யூடியூப் பார்க்கறானே, அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. ஒண்ணு மட்டும், பட்டன் போன்ல பெரும்பாலும் இது கிடையாது.

நெட்டுல பேசறது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்ல. கணிப்பொறியில இருந்து வெளிநாட்டு போனுக்குப் பேசலாம்னு 2002 ஏப்ரல் 1-ல இருந்து அனுமதி. ஹெட்போன் மாட்டிக்கிட்டு பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து சிங்கப்பூர்ல இருக்கற மகன்கிட்ட பேசின காலம் ஞாபகம் இருக்கும். ஆனா அதே கணிப்பொறியில இருந்து உள்நாட்டு போனுக்குப் பேசக் கூடாது. அதாவது திண்டிவனத்துல இருந்து சிங்கப்பூருக்குப் பேசலாம், விழுப்புரத்துக்குப் பேசக் கூடாது! டிராய் 2017 அக்டோபர்ல பரிந்துரை செஞ்சு, 2018-லதான் அது தெளிவாச்சு.

அதுக்கும் முன்னாடியே சென்னை ஐ.ஐ.டி.யில பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு கார்டெக்ட்னு ஒரு கம்பியில்லாத கருவி செஞ்சாங்க. ஒரே நேரத்துல போனும் பேசலாம், நெட்டும் பார்க்கலாம். அந்தக் காலத்துல கிராமத்துக்கு அது பெரிய விஷயம். 2000-த்தை ஒட்டின வருஷங்கள்ல நெல்லிக்குப்பம் பாரி சர்க்கரை ஆலை இதை வச்சு கரும்பு விவசாயிகளுக்குக் கிராமத்துலயே நெட் மையம் போட்டுக் கொடுத்துச்சு. நெல்லிக்குப்பம் யாருக்கு அந்நியம், 1993 வரைக்கும் நாம எல்லாரும் ஒரே தென்னாற்காடுதானே. ஆலைக்கு அதுல லாபம் இருந்துச்சு, அதான் போட்டாங்க. அதைத் தப்பா சொல்லல. யாருக்கு லாபமோ அவங்க செலவு செஞ்சாங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச கணக்கு.

இப்ப நடக்கறது அந்தக் கணக்கு இல்ல.

வீட்டுக்குள்ள சிக்னல் கொண்டு வரணும்னா கம்பெனி இன்னொரு டவர் போடணும். இடம், வாடகை, டீசல், பேட்டரி எல்லாம் அவங்க செலவு. வைஃபை காலிங் வந்ததும் அந்த ஓட்டையை நாம அடைச்சுக் கொடுக்கறோம். நம்ம ஃபைபர், நம்ம பெட்டி, நம்ம ஈ.பி. கரண்ட். அப்புறம் பேசறதுக்கு அவங்களுக்கு ரீசார்ஜும் பண்றோம்.

காசு கூட ரெண்டாவது. எனக்கு உறுத்தறது கரண்டு. பழைய பி.எஸ்.என்.எல். லேண்ட்லைன் ஞாபகம் இருக்கா? ஊரே இருட்டா இருந்தாலும் அது மட்டும் மணி அடிக்கும். ஏன்னா செம்புக் கம்பியிலயே 48 வோல்ட் கரண்ட் எக்ஸ்சேஞ்சுல இருந்து வரும், அங்க பெரிய பேட்டரி இருக்கும். டவர்லயும் பேட்டரி கம்பெனியோடது. வைஃபை காலிங்லதான் முதல் தடவையா போனுக்குக் கரண்ட் கொடுக்கற பொறுப்பு நம்ம தலையில வந்து விழுந்திருக்கு. இதை யாரும் வாய் திறந்து சொல்லல, சத்தமில்லாம கை மாறிடுச்சு.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல். புதுச்சேரி பக்கம் கரையேறி நகராம நின்னு ஊத்தினதுல நம்ம மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். எங்க ஊர்ல முதல் நாள் சாயந்தரமே கரண்ட் போச்சு. வைஃபை பெட்டியில விளக்கு அணைஞ்சுது. மாடிக்கு ஏறினா மழை. நனைஞ்சுக்கிட்டே பேசலாம்னா மறுநாள் காலையில டவரும் அவுட். மூணு நாள் ஊருக்குள்ள ஒரு போன் பேசல. ஏரி தளும்புதுன்னு கரைக்கு ஆள் வேணும், பைக்குல பையனை அனுப்பித்தான் கூப்பிட்டோம். மல்லாட்டை போட்ட நிலம் ரெண்டு ஏக்கர் தண்ணியில நிக்குது, அதைச் சொல்ல ஆபீசருக்குப் போன் போட முடியல.

வியாபாரிகளுக்கும் இதேதான். எனக்குத் தெரிஞ்ச ஒரு அரிசி மில்லுல பழைய லைனை எடுத்துட்டு நெட்டுல ஓடற போன் வச்சாங்க. ஒரே நம்பர், நாலு பேர் கைபேசியில அடிக்குது, வாடகை கம்மி, பேசினது பதிவும் ஆகுது. நல்ல ஏற்பாடுதான், நானே சொல்லுவேன். ஆனா ஒரு மத்தியானம் நெட்டு போயிடுச்சு. நெல் மூட்டை ஏத்தின டிராக்டரோட ரெண்டு பேர், மில்லு திறந்திருக்கா இல்லையான்னு கூடத் தெரியாம பாதி வழியில நின்னாங்க. மணி அடிக்காத நம்பருக்கு எதிர்ல நிக்கறவன் எப்பவும் விவசாயிதான்.

அதுக்காக வைஃபை காலிங்கை நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன். அந்தப் படிக்கட்டுக்குத் திரும்ப எனக்கு ஆசை இல்ல. நம்மளால ஆனதை நாம செய்யலாம். மருந்து அடிக்கற பேட்டரி ஸ்பிரேயர் பாதி வீட்டுல இருக்கு. அதுல இருக்கறது 12 வோல்ட் பேட்டரி. வைஃபை பெட்டியோட அடாப்டர்லயும் பெரும்பாலும் 12 வோல்ட்னுதான் எழுதியிருக்கும். ஃபெஞ்சலுக்கு அப்புறம் ஒரு பின் வாங்கி ஒயர் பிடிச்சு மாட்டிப் பார்த்தேன், அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு. (அடாப்டர்ல வேற வோல்ட் எழுதியிருந்தா கை வைக்காதீங்க. பிளஸ் மைனஸ் மாத்திக் கொடுத்தா பெட்டி புகையும். தெரியாதவங்க மினி யூ.பி.எஸ்.னு கேட்டு வாங்கிடுங்க.)

இன்னொண்ணு. வீட்டுல ஃபைபர் இருந்து, வயசானவங்க போன்ல டேட்டா தேவையில்லைன்னா, பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் இருக்கற பேக் கேளுங்க. அப்படி ஒண்ணு கட்டாயம் கொடுக்கணும்னு டிராய் 2024 டிசம்பர்ல உத்தரவு போட்டிருக்கு. கடையில தானா சொல்ல மாட்டாங்க.

ஆனா என் வீட்டுப் பெட்டி எரிஞ்சு என்ன பண்றது? அந்த ஃபைபர் போய்ச் சேர்ற அடுத்த பெட்டிக்கும் கரண்ட் வேணும். அதுக்கு நான் ஸ்பிரேயர் பேட்டரி கொண்டு போய்க் கட்ட முடியாது. அதுக்குத்தான் ஒரு நிதி இருக்கு. போன் கம்பெனிகள் சரிக்கட்டின வருமானத்துல நூத்துக்கு அஞ்சு ரூபாய் கிராமத்துத் தொலைத்தொடர்புக்குன்னு அரசாங்கத்துக்குக் கட்டறாங்க. நாம பண்ற ரீசார்ஜுல இருந்து போறதுதான் அது. முன்னாடி யு.எஸ்.ஓ. நிதின்னு பேரு, இப்ப டிஜிட்டல் பாரத் நிதி. பஞ்சாயத்துக்கு பஞ்சாயத்து பாரத்நெட் ஃபைபர் இழுக்கறது இந்தக் காசுலதான். ஃபைபர் இழுக்கக் காசு இருக்கும்போது, அந்தப் பெட்டி மூணு நாள் ஓட பேட்டரியும் சோலார் பலகையும் வைக்கக் காசு இருக்காதா? பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல ஒரு வைஃபை விட்டா, புயல்ல டவர் விழுந்தாலும் ஊர்க்காரங்க அங்க வந்து தங்க நம்பர்லயே பேசலாம். கடலோர மாவட்டம் இது, மரக்காணம் நம்ம மாவட்டம்தானே, வருஷா வருஷம் புயல் வரும்னு தெரிஞ்ச இடம்.

ஊர்ல ஒருத்தர் கேட்டாரு, "டவரே போடுன்னு கேளேன்யா, பேட்டரியை எதுக்குக் கேட்கற?" டவரும் கேட்கலாம். அது கம்பெனி கையில, எப்ப வரும்னு சொல்ல முடியாது. பேட்டரி அரசாங்கத்தோட சொந்தப் பெட்டிக்குக் கேட்கறது, அதுக்கு யார் பதில் சொல்லணும்னு தெளிவா இருக்கு.

வர்ற நவம்பர் 1 கிராம சபையில இதை மனுவா எழுதிக் கொடுக்கறேன். நகல் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் போகும். மயிலம், விக்கிரவாண்டி, ஒலக்கூர் பக்கத்துக்காரங்க உங்க ஊர்லயும் தீர்மானமா கொண்டு வாங்க. மனு எழுதின பிறகு அப்படியே இங்க போடறேன், ஊர் பேரை மட்டும் மாத்திக்கங்க.