படியும் வாசியும்

தமிழிலே 'படி' என்பதைப்போலக் குடும்பத்தவனுக்கு நெருங்கிய சொல் பிறிதொன்று உண்டோ என்று நான் ஐயுறுவதுண்டு. நெல்லை அளக்கும் கருவியும் படி; நாளுணவாக அளந்து கொடுக்கப்படுவதும் படி; உயிர்களுக்கெல்லாம் உணவூட்டும் இறைவனைப் படியளப்பவன் என்பது நம்மவர் வழக்கு. அரசாங்க உத்தியோகத்தரின் சம்பளப் பட்டியலிலும் இச்சொல் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டது. 'வாழ்க்கைச் செலவுப் படி' என்று நாம் சொல்வதைத் தமிழ்நாட்டார் முன்னர்ப் 'பஞ்சப்படி' என்றனர். பின்னர் 'அகவிலைப்படி' என்றனர். அகவிலையாவது தானியத்தின் விலை. இம்மூன்றனுள் எனக்கு உவப்பானது அகவிலைப்படியே. எதனை நோக்கி அளக்கவேண்டும் என்பதை அப்பெயர் தன்னுள்ளேயே வைத்திருக்கின்றது. விலை ஏறினால் படியும் ஏறவேண்டும். இத்துணைச் சிறிய பொருள்தான். ஆயின் நமது நாட்டில் நிலைபெறாத பொருளும் அதுவே.

பெரிய புராணத்திலே ஒரு வரலாறு உண்டு. மாணாக்கர் அதனைப் பத்தி நோக்கிற் படிப்பர். நான் இக்காலத்தில் அதனைப் பொருளியல் நோக்கிலும் படிக்கின்றேன். திருவீழிமிழலையில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அங்கே தங்கியிருந்த திருநாவுக்கரசருக்கும் திருஞானசம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு பீடத்தில் வைத்தருளினான். அக்காசுகளைக் கொண்டு அடியார்களுக்கு அமுதூட்டினர். ஆனால் நாவுக்கரசர் திருமடத்தில் வேளைக்கு உணவு ஆயிற்று. சம்பந்தர் திருமடத்தில் தாழ்ந்தது. காரணம் உசாவியபோது, சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர் என்பது தெரியவந்தது. வாசியாவது காசின் மதிப்பிற் கழிக்கப்படும் வட்டம். கையால் உழவாரத் தொண்டு செய்தவர் பெற்றது வாசியில்லாக் காசு. சம்பந்தர் பதிகம் பாடி முறையிட்டார், வாசியும் தீர்ந்தது.

பஞ்சம் வந்த காலத்திலேயே படி வந்ததையும், நாள் தவறாமல் வந்ததையும் கவனிக்குமாறு வாசகர்களை வேண்டுகின்றேன். காசின் எண்ணிக்கை ஒன்றாயிருந்தும் அது வாங்கும் அரிசி ஒன்றாயிருக்கவில்லை என்பதனைச் சேக்கிழார் எவ்வளவு நுட்பமாகக் கண்டு வைத்திருக்கின்றார்! நமது திறைசேரியார் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நன்று.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 செப்தெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, விலைவாசி முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 வீதம் உயர்ந்திருந்தது. உணவை மட்டும் எடுத்தால் 94.9 வீதம். அஃதாவது, உணவுக்கென 100 ரூபா எடுத்துச் சென்றவன் ஓராண்டில் ஏறத்தாழ 195 ரூபா எடுத்துச் செல்லவேண்டியவனானான். அப்பொழுது வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபா. பஞ்சத்துக்கு முன்னர் எவ்வளவோ, பஞ்சத்தின் நடுவிலும் அவ்வளவே. 2022 சனவரியிலிருந்து வேறு பெயரில் 5,000 ரூபா சேர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அது பெருவிலையேற்றத்துக்கு முன்னரே குறிக்கப்பட்ட தொகை. பின்னர் வந்த பேரலையை அது எங்ஙனம் தாங்கும்? வாழ்க்கைச் செலவுப் படி 10,000 ரூபாவால் உயர்த்தப்பட்டு 17,800 ரூபா ஆனது 2024 ஆம் ஆண்டிலே. அதுவும் ஒருங்கே அன்று; சனவரியில் பாதியும் சித்திரையில் மீதியும். அதே சனவரி முதலாந் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. அதுகாறும் விலக்களிக்கப்பட்டிருந்த பெற்றோலும் டீசலும் சமையல் எரிவாயுவும் அவ்வரிக்குள் வந்தன. ஒரு கையாற் கொடுத்த காசுக்கு மறுகையால் வாசி பிடித்தார்கள் என்று சொன்னால் மிகையாகுமா?

'விலைவாசி இறங்கிவிட்டதே, இனி என்ன?' என்று கேட்போர் உளர். படித்தவர்களே இவ்வாறு மயங்குவது வியப்பு. 2023 செப்தெம்பரில் பணவீக்கம் 1.3 வீதம் என்றார்கள். ஏறும் வேகம் குறைந்ததன்றி ஏறிய விலை இறங்கவில்லை. 2021 செப்தெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பண்டங்கள் 2022 இல் ஏறத்தாழ 170 ரூபாவும், 2023 இல் ஏறத்தாழ 172 ரூபாவும் ஆயின. மாடத்தில் ஏறி நிற்பவன் மேலும் ஏறவில்லை என்பதால் அவன் நிலத்தில் நிற்கின்றான் ஆகுமோ? பின்னர்ச் சுட்டெண் சிறிது சரிந்த காலமும் வந்தது. 2025 தொடக்கத்தில் மின்கட்டணக் குறைப்பு முதலிய காரணங்களால் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே நின்றது. அதே மாதங்களிலேதான் தேங்காய் ஒன்றின் விலை 200 ரூபாவைக் கடந்தது. மின்விளக்கை அணைத்துச் சிக்கனம் செய்யலாம். தேங்காயின்றிச் சொதி வைப்பது எப்படியென்று எந்தச் சுட்டெண்ணும் எங்கள் இல்லத்தரசிகளுக்குச் சொல்லித்தந்ததில்லை.

2025 மாசியில் வந்த வரவு செலவுத் திட்டம் ஒரு நற்செயலைச் செய்தது. அதனை மறைப்பது நடுவுநிலையன்று. ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக்கி, சில்லறைப் படிகளை அதனுள் அடக்கியது. ஆண்டு ஏற்றத்தையும் உயர்த்தியது. 15,750 ரூபா உயர்வு என்று பேசப்பட்டதில், முன்னரே கையில் வந்துகொண்டிருந்த படிகளைக் கழித்தால் புதிதாகக் கிட்டுவது 8,250 ரூபா. அதுவும் 2025 சித்திரையில் ஒரு பங்கும், எஞ்சியது 2026, 2027 சனவரிகளிலும் என மூன்று தவணை. இருப்பினும் படியைச் சம்பளமாக்கியது சரியான திசை. சம்பளத்தில் சேர்ந்தது ஓய்வூதியத்திலும் எதிரொலிக்கும், படி எதிரொலிக்காது. வாழ்க்கைச் செலவுப் படி 17,800 ரூபாவாகவே வெளியில் நின்றது.

விலையோடு படியைப் பிணைக்கவேண்டும் என்ற கோரிக்கை புதியதன்று. 1980 யூலையில் நடந்த பொது வேலைநிறுத்தத்தின் கோரிக்கை, 300 ரூபா சம்பள உயர்வும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஒரு புள்ளி ஏறுந்தோறும் 5 ரூபாவும் என்பதே. அதற்கு விடையாக ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் வேலை இழந்தனர். அப்பொழுது சனாதிபதியாயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவே, 1953 இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நிதியமைச்சராயிருந்தவர். அவ்விலையேற்றத்தால் விளைந்த ஹர்த்தாலும், பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததும் எல்லோரும் அறிந்தவை. கேட்கப்பட்டதோ ஒரு கணக்கு வாய்பாடு; கொடுக்கப்பட்டதோ பணிநீக்கக் கடிதம்.

அண்டை நாட்டில் அவ்வாய்பாடு வழக்கில் உண்டு. இந்திய மத்திய அரசு ஊழியரின் அகவிலைப்படி, சம்பளத்தின் வீதமாக, விலைச் சுட்டெண்ணை நோக்கி ஆண்டுக்கு இருமுறை திருத்தப்படுகின்றது. ஓய்வூதியரும் அதே வீதத்தில் பெறுகின்றனர். பெருந்தொற்றுக் காலத்தில் 2020 சனவரி முதல் ஒன்றரை ஆண்டு அதனை நிறுத்தி வைத்தனர் என்பதும் உண்மை. ஆயினும் விதி இருந்தமையால் நிறுத்தம் நிறுத்தமாகவே எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. நமக்கோ விதியே இல்லை. ஆகவே கொடுக்கும்போது அஃது அருளாகவும், கொடாதபோது இயல்பாகவும் தோன்றுகின்றது.

'அரசாங்கச் சம்பளம் பெறாதவன் என் செய்வான்?' என்று சந்தையில் மரக்கறி விற்கும் ஒருவர் என்னைக் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் உண்டு. அவரும் எரிபொருள் வாங்கும்போது வரி கொடுக்கின்றார். என் படியில் அவர் காசும் இருக்கின்றது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளர் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கிற் போராடி 2021 இல் அதனைப் பெற்றபோது, அடுத்த ஆண்டே விலையேற்றம் அதனை விழுங்கிற்று. எனவே ஆசிரியர்கள் தமக்கு மட்டும் கேட்பது அழகன்று. சுட்டெண்ணை நோக்கி ஊதியம் திருத்தும் ஒழுங்கை அரசாங்கம் தன் வீட்டிற் தொடங்கினால், தோட்ட முதலாளிமாரிடமும் அதனைக் கேட்க வாய் உண்டாகும்.

என்னை மிகவும் வருத்துவது ஓய்வூதியர் நிலையே. 2024 இல் சேவையிலிருப்போரின் படி 10,000 ரூபாவால் உயர, ஓய்வூதியரின் படி 2,500 ரூபாவால் உயர்ந்து 6,025 ரூபா ஆனது. எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் எண்பதைக் கடந்தவர். அவர் மருந்துக் கடையில் எனக்கு முன்னே நின்று மாத்திரைகளை ஒரு கிழமைக்கு மட்டும் எண்ணி வாங்கியதைக் கண்டேன். அவருக்கும் எனக்கும் அங்கே ஒரே விலை. நானும் இன்னும் சில ஆண்டுகளில் அவர் வரிசையிற் சேர்பவன். ஆதலால் இது முற்றும் பிறர்நலம் கருதிய பேச்சு என்று சொல்லமாட்டேன்.

சுட்டெண்ணின் ஒரு புள்ளிக்கு இவ்வளவு, ஆண்டில் இன்ன இரண்டு மாதங்களில், சேவையிலுள்ளார்க்கும் ஓய்வுபெற்றார்க்கும் ஒரே அளவு என்று சட்டத்தில் எழுதி வைக்குமாறு கேட்கவேண்டும். ஆசிரியர் சங்கங்கள் அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் விடுக்கும் மகஜர்களில் இதனைத் தனிக் கோரிக்கையாகச் சேர்க்கலாம். ஓய்வூதியர் சங்கங்களின் கையொப்பத்தையும் கூடவே பெறலாம்.